குழந்தைய டயட்ல போடாதீங்க, வீட்ட மாத்துங்க

எடை பத்தி எழுதணும்னு ரொம்ப நாளாவே மனசுல இருந்தது. இப்போ உக்காந்து எழுதறதுக்குக் காரணம் எங்க சொந்தத்துல ஒரு பையன், பத்து வயசு, ஸ்கூல்ல எடை உயரம் பாத்துட்டு அதிகமா இருக்குன்னு ஒரு பேப்பர் குடுத்து அனுப்பிட்டாங்க. அன்னைக்கு ராத்திரில இருந்தே அவனுக்கு மட்டும் தனி சாப்பாடு, தம்பி பக்கத்துல வழக்கம் போல சாப்பிட்டுட்டு இருக்கான், இவன் அந்தத் தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கான். "அக்கா, ஒரு மாசத்துல நாலு கிலோவாவது கொறைச்சிடணும், என்ன டயட் குடுக்கலாம்?"னு அவங்கம்மா ஃபோன்ல கேட்டப்போ அவ குரல்ல இருந்த பயம் எனக்கு நல்லாவே புரிஞ்சுது. புள்ள மேல இருக்கற அக்கறைதான் அது, ஆனா அது போற வழி சரியில்ல. அவகிட்ட சொன்னத இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், பெரியவங்களுக்கும் சேத்து, ஏன்னா புள்ளைக்கு எடை கூடுற வீட்ல பெரும்பாலும் பெரியவங்களும் அதே சாப்பாடு, அதே சோபா, அதே ராத்திரி கண்முழிப்புலதான் இருக்காங்க.

மொதல்ல அந்த பேப்பர்ல இருக்கற நம்பர். கிலோவுல இருக்கற எடைய, மீட்டர்ல இருக்கற உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா வர்றதுதான் பிஎம்ஐ. பெரியவங்களுக்கு அது 25 வந்தா எடை அதிகம், 30 வந்தா உடல் பருமன். ஆசியக்காரங்களுக்கு 23லயே கவனிக்க ஆரம்பிக்கறது நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு 2004லயே சொல்லிருக்கு. ஆனா குழந்தைங்களுக்கு இந்த 23, 25, 30 எதுவுமே பொருந்தாது. அவங்களுக்கு வயசையும் ஆணா பொண்ணாங்கறதையும் வெச்சு வளர்ச்சி சார்ட்ல பாக்கணும், அதே வயசுக் குழந்தைங்க நூறு பேர பிஎம்ஐ கம்மில இருந்து வரிசையா நிக்க வெச்சா உங்க குழந்தை எத்தனாவது இடத்துல வருதுங்கற கணக்கு அது. அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையம், சிடிசின்னு சொல்லுவாங்க, அவங்க சார்ட் படி 85ல இருந்து 95க்குள்ள இருந்தா எடை அதிகம், 95ம் அதுக்கு மேலயும்னா பருமன். அதுலயும் ஒரே ஒரு நாள் எடுத்த அளவு பெருசா எதுவும் சொல்லாது, ரெண்டு மூணு வருஷத்துக் கோடு எப்படிப் போகுதுன்னு பாக்கணும். எப்பவுமே ஒரே கோட்டுல போயிட்டு இருந்த குழந்தை திடீர்னு மேல ஏறினா அதுதான் கவனிக்க வேண்டியது.

இப்போ நான் அவகிட்ட போட்டுக் காட்டின கணக்கு. பையன் 140 செண்டிமீட்டர், 45 கிலோன்னு வைங்க, பிஎம்ஐ 23, பத்து வயசுக்கு அது அதிகம்தான். இந்த வயசுல குழந்தைங்க வருஷத்துக்கு அஞ்சாறு செண்டிமீட்டர் வளருவாங்க. ரெண்டு வருஷத்துல அவன் 151 செண்டிமீட்டர் ஆயிட்டான், எடை அதே 45 கிலோ, ஒரு கிலோ கூட கொறையல, அப்போ பிஎம்ஐ 20க்கும் கீழ வந்துடுது. பன்னெண்டு வயசுப் பையனுக்கு அது நார்மலுக்குள்ளதான் வரும். நடுவுல ரெண்டு மூணு கிலோ ஏறினாலும் கணக்கு பெருசா கெட்டுப் போகாது. பெரியவங்களுக்கு இல்லாத ஒரு வசதி இது, உயரம் நமக்காக வேலை செய்யுது, நாம பண்ண வேண்டியது எடை ஏறுற வேகத்த மட்டும் கொஞ்சம் தணிக்கறது. அதனாலதான் வளர்ற வயசுல இருக்கற நெறைய குழந்தைங்களுக்கு டாக்டருங்க எடைய கொறைக்கச் சொல்லாம ஏறாம பாத்துக்கச் சொல்றாங்க. பருமன் ரொம்ப அதிகமா இருந்தா, இல்ல சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்புன்னு எதாவது சேந்து இருந்தா கதை வேற, அங்க டாக்டர் பக்கத்துல இருந்து மெதுவா கொறைப்பாங்க. வீட்ல நாமளா ஒரு மாசத்துக்கு நாலு கிலோன்னு எலக்கு வைக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

டாக்டர்கிட்ட போறப்போ சில விஷயத்த நீங்களே எடுத்துச் சொல்லுங்க. சாதாரணமா நிறைய சாப்பிட்டு எடை கூடுற குழந்தைங்க வயசுக்கு உயரமாவும் இருப்பாங்க. எடை மட்டும் ஏறுது, உயரம் நின்னு போச்சுன்னா தைராய்டு மாதிரி ஹார்மோன் பிரச்சனை இருக்கான்னு பாக்கணும். கழுத்துக்குப் பின்னாடி, அக்குள்ல வெல்வெட் மாதிரி கருப்பா தடிச்சிருந்தா அது அழுக்கு இல்ல, தயவு செஞ்சு தேய்க்காதீங்க, எத்தனையோ புள்ளைங்க இதுக்காகத் திட்டு வாங்கிட்டு இருக்கு. இன்சுலின் உடம்புல சரியா வேலை செய்யலங்கறதுக்கு அது ஒரு அடையாளம், ரத்தப் பரிசோதனை எடுக்கணும். ராத்திரி சத்தமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்கற மாதிரி இருந்தாலும் சொல்லணும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்து இதெல்லாம் எடைய ஏத்தும், ஆனா அதுக்காக நீங்களா மருந்த நிறுத்திடக் கூடாது.

சரி, தனி தட்டு ஏன் வேண்டாம்னு சொல்றேன்? கண்ணு முன்னாடி வெச்சுட்டு உனக்கு மட்டும் இல்லன்னு சொன்னா குழந்தை அத மறக்காது, அதையேதான் நெனைக்கும். 1999ல ஃபிஷர், பிர்ச்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க சின்னக் குழந்தைங்கள வெச்சு இதையே சோதனையா பண்ணிப் பாத்தாங்க, தடுத்து வெச்ச தின்பண்டத்து மேலதான் புள்ளைங்களுக்கு ஆசையும் பேச்சும் அதிகமாச்சு. டீன் ஏஜ்ல இது இன்னும் மோசம். சாப்பாட்ட விட்டுட்டு டயட் இருக்கற பசங்களுக்கு சில வருஷம் கழிச்சு எடை கூடத்தான் செய்யுது, சாப்பாட்டுக் கோளாறும், அதாவது பட்டினி கெடக்கறது, அளவில்லாம சாப்பிட்டு வாந்தி எடுக்கறது மாதிரி மனசு சம்பந்தப்பட்ட நோய், அங்கிருந்துதான் நெறைய ஆரம்பிக்குது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2016ல பெத்தவங்களுக்கு சொன்னது இதுதான்: டயட் வேண்டாம், எடை பத்தின பேச்சு வேண்டாம், எடைய வெச்சுக் கிண்டல் வேண்டவே வேண்டாம், குடும்பமா சேந்து சாப்பிடுங்க. அந்தப் பேச்சுல பெரியவங்க தன்னப் பத்திப் பேசறதும் சேத்திதான். கண்ணாடி முன்னாடி நின்னு "ஐயோ எவ்ளோ குண்டாயிட்டேன்"னு அம்மா சொல்றத பொண்ணு கேட்டுட்டுதான் இருக்கா. உறவுக்காரங்க வந்து "என்னடா இப்படி ஊதிட்ட"ன்னு ஆரம்பிச்சா அந்த எடத்துலயே "அத விடுங்க, அவன் இப்போ நீச்சல் கத்துக்கறான் தெரியுமா"ன்னு பேச்ச மாத்திடுங்க, அவன் முன்னாடி. நீங்க அவன் பக்கம்னு அவனுக்குத் தெரியணும்.

லியோனார்ட் எப்ஸ்டைன்னு ஒரு ஆராய்ச்சியாளர், குடும்பத்தோட சேத்து குழந்தைங்களுக்கு எடை சிகிச்சை குடுத்து பத்து வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு பாத்து 1990ல வெளியிட்டார். அதுல அப்பாவையோ அம்மாவையோ சேத்து மாத்தின குழந்தைங்கதான் நல்லா இருந்தாங்க. எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இதுதான், ஏன்னா புள்ளைய ஒரு பிரச்சனையா பாக்காம வீட்டையே ஒண்ணா பாத்தது. அதனால வாங்கற லிஸ்ட மாத்துங்க. வீட்டுக்குள்ள வராத பொருள யாரும் தடுக்க வேண்டியதில்ல, எடுத்து ஒளிச்சு வைக்க வேண்டியதும் இல்ல, சண்டையும் இல்ல. எப்பயாவது வெளிய போறப்போ எல்லாரும் சேந்து சாப்பிடுங்க, அப்போ மொறச்சுப் பாக்காதீங்க.

சாப்பாட்டு மேசையில யாரு வேலை யாருதுங்கறதுக்கு எலின் சாட்டர்ங்கற சத்துணவு நிபுணர் ஒரு வழி சொல்லிருக்காங்க, எனக்குத் தெரிஞ்சு இதவிட எளிமையா யாரும் சொன்னதில்ல. என்ன சாப்பாடு, எப்போ, எங்க உக்காந்துங்கறது பெத்தவங்க முடிவு. அதுல எவ்ளோ, சாப்பிடலாமா வேண்டாமாங்கறது குழந்தையோட முடிவு. நாம ரெண்டையும் தலைகீழா பண்ணிட்டு இருக்கோம், என்ன வேணும்னு அவங்ககிட்ட கேக்கறோம், அப்புறம் "தட்ட காலி பண்ணிட்டுதான் எந்திரிக்கணும்"னு நாம மிரட்டறோம். போதும்னு குழந்தை சொல்றப்போ அது வயிறு சொல்றதக் கேட்டு சொல்லுது, அந்தக் காத நாம அடைச்சுட்டா பெருசானதும் எப்போ நிறுத்தறதுன்னே தெரியாது. காய் பிடிக்கலன்னு தள்ளினா விடுங்க, மறுபடி வேற நாள் கொஞ்சமா வைங்க, ஒரு புது ருசி பழகறதுக்கு பத்து பதினஞ்சு தடவை கூட ஆகும். "காய் சாப்பிட்டா சாக்லேட்"னு பேரம் பேசினா சாக்லேட்டுக்குதான் மதிப்பு கூடும்.

ஒண்ணே ஒண்ணுதான் மாத்த முடியும்னா நான் குடிக்கறதத்தான் மாத்தச் சொல்லுவேன். 330 மில்லி குளிர்பான கேன்ல சுமார் 35 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னபடி சேத்துக்கற சர்க்கரை மொத்த கலோரில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவீதத்துக்குள்ள இருந்தா இன்னும் நல்லது, பெரியவங்களுக்கே அது ஒரு நாளைக்கு 25 கிராம்தான். ஒரு கேன்லயே அது தாண்டிடுது, அதுவும் குடிச்சா வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்காது, அதுக்கப்புறமும் அதே அளவு சாப்பாடு போகும். பழச்சாறும் இதுலதான் வரும், வீட்ல புழிஞ்சாலும் நார் போயிடுது. பழமா கடிச்சு சாப்பிட்டா பிரச்சனை இல்ல. வீட்ல தண்ணி, பால், எப்பவும் கை எட்டுற எடத்துல பழம். இது வந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

அப்புறம் தூக்கம், இத யாருமே சீரியஸா எடுத்துக்கறதில்லங்கறது எனக்கு பெரிய ஆதங்கம். 6ல இருந்து 12 வயசு வரைக்கும் 9ல இருந்து 12 மணி நேரம், டீன் ஏஜ்ல 8ல இருந்து 10 மணி நேரம் தூங்கணும். தூக்கம் கம்மியானா மறுநாள் பசி கூடும், இனிப்பும் பொரிச்சதும் தேடும், வெளாடவும் தெம்பு இருக்காது. ஃபோன் படுக்கை ரூமுக்கு வெளிய சார்ஜ் ஏறட்டும், பெரியவங்களோடதும்தான். சாப்பிடறப்போ ஸ்க்ரீன் வேண்டாம், எவ்ளோ போகுதுன்னே தெரியாம போகும். 5ல இருந்து 17 வயசுக்கு சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷம் உடம்பு வேலை செய்யணும்னு சொல்றாங்க, அது உடற்பயிற்சிங்கற பேர்ல இருக்கவே வேண்டாம், ஓடிப் பிடிச்சு வெளாடறது, சைக்கிள், டான்ஸ் எதுவா வேணா இருக்கலாம். தண்டனையா மட்டும் ஓட விடாதீங்க, "கேக் சாப்பிட்ட இல்ல, போய் பத்து ரவுண்ட் ஓடு"ன்னு சொன்னா ஓடறத காலத்துக்கும் வெறுத்துடுவாங்க.

இனி பெரியவங்க. நமக்கு உயரம் வந்து கைகுடுக்காது, அதனாலதான் இன்னும் அவசரப்படறோம். எந்த டயட் ஆரம்பிச்சாலும் மொத வாரத்துல ரெண்டு மூணு கிலோ கொறையுதே, அதுல பெரும்பங்கு தண்ணி. கிளைகோஜன்ங்கறது உடம்பு சேத்து வெச்சிருக்கற மாவுச்சத்து, அதுல ஒவ்வொரு கிராமும் சுமார் மூணு கிராம் தண்ணியப் பிடிச்சு வெச்சிருக்கும், சாப்பாடு கம்மியானதும் கிளைகோஜன் கரையும், தண்ணியும் கூடவே போயிடும். மறுபடி ஒழுங்கா சாப்பிட்ட ரெண்டு நாள்ல அது திரும்பி வரும். இத தெரிஞ்சே விளம்பரத்துல மொத வாரத்து எடையப் போட்டு ஆசை காட்டறாங்க, எனக்கு கோவம் வர்ற எடம் இது. ஒரு கிலோ கொழுப்புல சுமார் 7,700 கலோரி இருக்கு, அது ஒரு ராத்திரில எங்கயும் போகாது.

ரெண்டாம் உலகப் போர் முடியற நேரத்துல, 1944, 45ல, மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்ங்கறவர் 36 ஆரோக்கியமான இளைஞர்கள அவங்க சம்மதத்தோட ஆறு மாசம் அரைப் பட்டினி போட்டார். அவங்களுக்குக் குடுத்தது ஒரு நாளைக்கு சுமார் 1,600 கலோரி, கூடவே தினமும் நல்லா நடக்கவும் வெச்சாங்க. எடைல கால்வாசி போச்சு. ஆனா அதோட எப்பவும் குளிர், சிடுசிடுப்பு, எதுலயும் மனசு ஒட்டல, சமையல் புத்தகத்த சேத்து சேத்துப் படிச்சிட்டு இருந்தாங்க, கனவுலயும் சாப்பாடு. பட்டினி முடிஞ்சப்புறம் வயிறு முட்ட சாப்பிட்டும் பசி அடங்கல, கொழுப்பு முன்ன இருந்தத விட மேல போச்சு. இன்னைக்கு 1,200 கலோரி, 1,000 கலோரின்னு எழுதிக் குடுக்கற டயட் சார்ட்ட பாக்கறப்போலாம் எனக்கு இந்த 36 பேர் ஞாபகம் வராம இருக்காது.

ஏன் அப்படின்னா எடை கொறையறத உடம்பு ஆபத்தாதான் பாக்குது. கொழுப்புல இருந்து வர்ற லெப்டின் கொறையும், அது போதும்னு மூளைக்கு சொல்ற ஹார்மோன். வயித்துல இருந்து பசிய தூண்டுற கிரெலின் கூடும். 2011ல ஆஸ்திரேலியாவுல 50 பேருக்கு பத்து வாரம் ரொம்பக் கம்மி கலோரி குடுத்து எடை கொறைச்சு, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்போ கூட இந்த ஹார்மோன்கள் பழைய நெலமைக்கு வரல, பசியும் தான். எடை கொறைக்கற போட்டி நடத்தின ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சில கலந்துக்கிட்ட 14 பேர ஆறு வருஷம் கழிச்சு கெவின் ஹால்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு சோதிச்சுது, 2016ல வந்தது, அவங்க உடம்பு ஓய்வுல செலவழிக்கற கலோரி இருக்க வேண்டியதவிட தினமும் சுமார் 500 கம்மியா இருந்தது. அதனால எடை திரும்ப வந்துட்டவங்களப் பாத்து கட்டுப்பாடு இல்லாதவங்கன்னு சொல்றது ரொம்ப அநியாயம். எடைய எறக்கறது ஒரு வேலை, எறக்கினத பிடிச்சு வெச்சுக்கறது முழுக்க வேற வேலை, ரெண்டாவதுக்கு யாரும் திட்டமே குடுக்கறதில்ல.

நல்ல சேதி என்னன்னா ரொம்ப கொறைக்க வேண்டிய அவசியமே பல பேருக்கு இல்ல. சர்க்கரை வர்ற எல்லைல இருந்த 3,234 பேர வெச்சு அமெரிக்காவுல நடந்த பெரிய ஆராய்ச்சி 2002ல வந்தது. வாழ்க்கை முறை மாத்தின குழுவுக்கு எலக்கு எடைல வெறும் 7 சதவீதம், வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை மாதிரி எதாவது. சர்க்கரை நோய் வர்றது 58 சதவீதம் கொறைஞ்சுது, சர்க்கரைக்குக் குடுக்கற மெட்ஃபார்மின் மாத்திரை போட்ட குழுவுல 31 சதவீதம்தான். 80 கிலோ இருக்கறவருக்கு 7 சதவீதம்னா அஞ்சரை கிலோ. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த எடைக்குப் போகணும்னு இருவது கிலோ கனவு கண்டு மூணு மாசத்துல சோர்ந்து போறதுக்கு, இந்த அஞ்சரை கிலோவ ஒரு வருஷத்துல எறக்கி அங்கயே நிக்கறது எவ்வளவோ மேல். எடை மெஷின் வேண்டாம்னா ஒரு நூல எடுத்து இடுப்ப அளங்க, உங்க உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும்.

என்ன சாப்பிடறதுன்னு கேட்டா நான் எந்த டயட் பேரும் சொல்ல மாட்டேன், பேர் வெச்ச டயட் எல்லாத்துலயும் ஒத்துப் போனவங்களும் இருக்காங்க, போகாதவங்களும் இருக்காங்க. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ரொம்ப உறுதியா தெரியுது, பாக்கெட்ல வர்ற அதிகம் பதப்படுத்தின சாப்பாடு கூடக் கூட நம்ம வயிறு ஏமாந்து போகுது. 2019ல கெவின் ஹால் 20 பேர ஆஸ்பத்திரில தங்க வெச்சு, ரெண்டு வாரம் பதப்படுத்தினது, ரெண்டு வாரம் பதப்படுத்தாததுன்னு குடுத்தார், சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் முடிஞ்ச அளவு ஒரே மாதிரி, வேணுங்கற அளவு சாப்பிடலாம். பதப்படுத்தினது சாப்பிட்டப்போ தினமும் சுமார் 500 கலோரி கூடுதலா போச்சு, எடையும் ஏறிச்சு. வீட்ல சமைச்ச காய், பருப்பு, முட்டை, முழு தானியம் இதெல்லாம் மெல்ல நேரம் எடுக்கும், வயிறு போதும்னு சொல்ல நேரம் கெடைக்கும், அவ்ளோதான் ரகசியம். ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் புரதம் இருக்கட்டும், வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுங்க, உக்காந்து எந்திரிக்கறது, எடை தூக்கறது எதுவா இருந்தாலும் சரி, இல்லன்னா எடை கொறையறப்போ கொழுப்போட தசையும் போயிடும், நாப்பது தாண்டினவங்களுக்கு அது பெரிய நஷ்டம்.

அமெரிக்காவுல 1994ல ஆரம்பிச்ச ஒரு பதிவேடு இருக்கு, குறைஞ்சது 13.6 கிலோ கொறைச்சு ஒரு வருஷத்துக்கு மேல பிடிச்சு வெச்சவங்க மட்டும் சேரலாம், 10,000 பேருக்கு மேல சேந்திருக்காங்க. எறக்கின வழி ஆளுக்கு ஆள் வேற. ஆனா நெலச்சு நிக்கறதுல பழக்கம் ஒரே மாதிரி வருது: பெரும்பாலானவங்க காலைல சாப்பிடறாங்க, வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பாக்கறாங்க, டிவி கம்மி, தினமும் சராசரியா ஒரு மணி நேரம் நடையோ வேற எதாவதோ. எடை பாக்கறது மட்டும் எல்லாருக்கும் ஒத்து வராது, அந்த நம்பர் நாள் முழுக்க மனச அரிச்சா மெஷின தூக்கி உள்ள வைங்க. அதே மாதிரி குழந்தைய வீட்ல வாராவாரம் ஏத்தி எடை பாக்காதீங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட பாத்தா தாராளம்.

எடை கொறைக்க இப்போ வந்திருக்கற செமக்ளூடைட் மாதிரி ஊசி பத்தியும் நெறைய பேர் கேக்கறாங்க. 2021ல வந்த ஆராய்ச்சில 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை கொறைஞ்சுது, உண்மையிலயே பெரிய முன்னேற்றம், தேவைப்பட்டவங்க எடுத்துக்கறதுல எந்த வெக்கமும் இல்ல. ஆனா நிறுத்தின ஒரு வருஷத்துல கொறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்துடுச்சு. அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எவ்ளோ காலம், நிறுத்தினா என்ன திட்டம்னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, கர்ப்பமா இருந்தாலோ திட்டம் இருந்தாலோ அதையும் சொல்லிடுங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை, இது எல்லா வீட்டுக்கும். குழந்தையோ பெரியவங்களோ வேளை வேளையா சாப்பாட்ட தவிர்க்கறது, ஒளிச்சு சாப்பிடறது, சாப்பிட்ட உடனே பாத்ரூம் போய் ரொம்ப நேரம் இருக்கறது, தலை சுத்துது மயக்கம் வருதுன்னு சொல்றது, பொண்ணுங்களுக்கு மாதவிடாய் நிக்கறது, எல்லாரோடயும் சேந்து சாப்பிட வராம ஒதுங்கறது, இதுல எது தெரிஞ்சாலும் எடை கொறையுதேன்னு சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க. எடை நார்மலா இருக்கறவங்களுக்கும், பருமனா இருக்கறவங்களுக்கும் சாப்பாட்டுக் கோளாறு வரும், வெளிய பாத்தா தெரியாது. திட்டாம, கூட உக்காந்து என்னன்னு கேளுங்க, அந்த வாரத்துலயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.